‘ஒண்ணும் தெரியாது சார்’ என்கிற பிள்ளையிடம் என்ன கேட்பது?

திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டையிலோ பேட்டையிலோ ஆழ்வார்குறிச்சியிலோ ஒரு கல்லூரியில் புதிதாகச் சேர்கிற ஆசிரியரின் தலையில் சீக்கிரமே வந்து விழுகிற கூடுதல் வேலை, பிள்ளைகளை வேலைக்குத் தயார்படுத்தி அனுப்புகிற பிளேஸ்மென்ட் செல். மூத்தவர்கள் லேசில் தொட மாட்டார்கள். ஜூலையில் பொறுப்பு கைக்கு வரும், டிசம்பருக்குள் இறுதியாண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ரெஸ்யூமே தயாராக இருக்க வேண்டும் என்று முதல்வர் சொல்லிவிடுவார். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்து முடித்து வேலையில் இருக்கிற அண்ணன்மாரும் அக்காமாரும் ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவ நினைத்தால் அவர்களுக்கும் இதே வழிதான்.

நம் பக்கத்து மாணவர்களின் ரெஸ்யூமேக்களை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே நாலு வரி இருக்கும். நல்ல தொடர்புத் திறன், குழுவாக வேலை செய்யும் திறன், கடின உழைப்பு, எதையும் விரைவில் கற்றுக்கொள்ளும் ஆற்றல். யாரோ ஒரு சீனியர் எப்போதோ இறக்கிய கோப்பு பெயரும் போன் நம்பரும் மட்டும் மாறி வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர் அந்த வரிகளில் கண்ணை நிறுத்துவதே இல்லை. எழுதியிருப்பது பொய்யாகவும் இருக்காது, அந்தப் பிள்ளையிடம் அந்தத் திறன் நிஜமாகவே இருக்கலாம். எங்கே, எப்போது, எதைச் செய்து காட்டினார் என்பதற்கு மட்டும் ஒரு சொல்கூட இருக்காது. அந்த ஒரு சொல்லை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை. புதிதாகக் கற்றுக்கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதல் படி: பட்டியலை மேஜையில் வைக்காதீர்கள்

திறன் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைச் சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019இல் ‘ஜீவன் கௌசல்’ என்ற பாடத்திட்டத்தில் தொடர்பு, தொழில், தலைமை, மனித விழுமியம் என்று நான்காகப் பிரித்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் நேஸ் என்ற அமைப்பின் எட்டுத் திறன் பட்டியல் பரவலாகப் புழங்குகிறது. எல்லாமே உதவும், ஆனால் முதல் சந்திப்பில் உதவாது. பட்டியலை நீட்டினால் வாய்த்துடுக்கான பிள்ளை எல்லாவற்றுக்கும் டிக் அடிக்கும். கூச்சப்படுகிற பிள்ளை ஒன்றுக்கும் அடிக்காது. இரண்டிலிருந்தும் நமக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை.

‘உனக்கு என்ன திறமை இருக்கு?’ என்று நேரடியாகக் கேட்பதும் அப்படித்தான். ‘ஒண்ணும் இல்ல சார்’ என்றுதான் பதில் வரும். தன்னைப் பற்றித் தானே பேசினால் பீற்றிக்கொள்வதாக நினைக்கிற ஊர் நம்முடையது. அது போக, சர்டிபிகேட் இருந்தால்தான் திறமை என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். வீட்டில், கடையில், கோயிலில் செய்கிற வேலையெல்லாம் அவர்கள் கணக்கில் ‘சும்மா’.

அதனால் செய்கிற காரியத்தைக் கேளுங்கள். காலேஜ் விட்டுப் போனதும் ராத்திரி வரைக்கும் என்ன செய்வாய்? ஞாயிற்றுக்கிழமை எங்கே இருப்பாய்? வீட்டிலோ தெருவிலோ எதற்காவது உன்னைத்தான் கூப்பிடுவார்களா? நீ கவனிக்காமல் விட்டிருந்தால் கெட்டுப்போயிருக்கும் என்று ஒரு காரியம் உண்டா? மூன்றாவது கேள்விக்குத்தான் பலன் அதிகம். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, கரண்ட் பில் கட்ட, ஆச்சிக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்க, பஞ்சாயத்து ஆபீசில் மனு எழுத என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பிள்ளை இருக்கும். அது உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கும்.

பேச்சு எப்படிப் போகும் என்று காட்டுகிறேன். முக்கூடல் பக்கத்திலிருந்து வருகிற பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“வீட்டுக்குப் போயி என்னம்மா செய்வ?”

“ஒண்ணும் செய்ய மாட்டேன் சார். அம்மாகூட பீடி சுத்துவேன்.”

“எவ்வளவு சுத்துவ?”

“நான் கொஞ்சம்தான் சார். அம்மாவும் சித்தியும்தான் சுத்துவாவ. நான் கணக்கு மட்டும் பாத்துக்கிடுவேன்.”

“என்ன கணக்கு?”

“பீடிக்கடையில இலையும் தூளும் நிறுத்துத் தருவாவ. அதுக்கு இத்தனை பீடி கொடுக்கணும்னு இருக்கு. இலை மோசமா இருந்தா தேறாது. அப்புறம் நம்ம துட்டப் போட்டு வெளிய இலை வாங்கணும். அதான் வாங்கும்போதே நான் பிரிச்சுப் பாத்துருவேன். ஓட்டை இலை நெறைய இருந்தா மாத்திக் கேப்பேன்.”

“உடனே மாத்திக் கொடுத்துருவாங்களா?”

“மொதல்ல குடுக்க மாட்டாவ. நான் வாரா வாரம் எவ்வளவு இலைக்கு எத்தனை பீடி தேறிச்சு, எத்தனை கழிச்சாவன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அதக் காட்டுனா குடுப்பாவ. இப்ப பக்கத்து வீட்டு அக்காவும் அவிய கணக்க என்கிட்டதான் தருதாவ.”

இவள் ரெஸ்யூமேயில் இருந்தது ‘பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்டல்’. பேச்சில் வந்ததைப் பாருங்கள். வந்து இறங்குகிற மூலப்பொருளின் தரத்தைச் சோதிக்கிறாள். இவ்வளவு போட்டால் இவ்வளவு வர வேண்டும் என்ற கணக்கை வாராவாரம் பதிகிறாள். அந்தக் கணக்கைக் காட்டி வாதாடிப் பொருளை மாற்றி வாங்குகிறாள். கேட்காமலே இன்னொரு வீட்டுக் கணக்கும் அவள் கைக்கு வருகிறது. கங்கைகொண்டான் சிப்காட்டில் டயரும் சோலார் தகடும் செய்கிற ஆலைகளில் வந்திறங்கும் சரக்கைச் சோதிப்பதற்கென்றே ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அந்தப் பேச்சில் கேட்டவர் நடுவில் ஒரு இடத்திலும் பாராட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். ‘சூப்பர்மா’ என்று சொன்னால் பிள்ளை வெட்கப்பட்டு நிறுத்திவிடும். ‘என்ன கணக்கு’, ‘அப்புறம்’, ‘எப்படி’ என்று சின்னச் சின்னதாகத் தொட்டுக்கொண்டே போங்கள்.

இன்னொன்றும் உண்டு. பீடி சுற்றுகிற வீடு என்று வெளியே தெரிவதில் சில பிள்ளைகளுக்குச் சங்கடம் இருக்கும். அவர்கள் சம்மதிக்காமல் அதை ரெஸ்யூமேயில் ஏற்றாதீர்கள். ‘வீட்டுத் தொழிலின் கொள்முதல் கணக்கு’ என்று எழுதினாலும் அதே பொருள்தான். வில்லுப்பாட்டுக் குழுவில் பின்பாட்டுப் பாடுகிறவர், பத்தமடையில் பாய் நெய்கிறவர், பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் விடியுமுன் அப்பாவுக்குத் துணையாக நிற்கிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது படி: முதலில் தமிழில்

சொன்னதை அன்றைக்கே, சொன்னபடியே, தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுத அலுத்தால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போதும். ஆங்கிலத்தில் தொடங்கினால் அதே பழைய நாலு வரி திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். சாட்ஜிபிடியிடம் கொடுத்தால் இன்னும் மோசம். பீடிக்கடை நோட்டு ‘சப்ளை செயின் ஆப்டிமைசேஷன்’ ஆகி வந்து நிற்கும், நேர்காணலில் அதற்கு அர்த்தம் கேட்டால் பிள்ளை முழிக்கும்.

மூன்றாவது படி: கதையை நாலாகப் பிரிப்பது

ஆள் எடுக்கிற துறையில் இதற்கு ஸ்டார் முறை என்று பெயர். நிலைமை என்ன, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், அதனால் என்ன ஆயிற்று. நாலு கேள்விதான், பார்க்கச் சுலபம். நம் பிள்ளைகள் தவறுகிற இடங்கள் இரண்டு. அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒன்று, முழு நேரத்தையும் நிலைமையிலேயே செலவழித்துவிடுவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நீ என்ன செய்தாய் என்று கேட்டுப் பாருங்கள். டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முங்கியது, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது என்று அத்தனையும் சொல்வார்கள். எல்லாம் உண்மை. அதெல்லாம் செய்தித்தாளிலேயே இருக்கிறது. அந்த மாணவன் தெருவில் என்ன செய்தான் என்பது மட்டும் எங்கும் இல்லை. ‘அப்ப நீ எங்க நின்ன? கையில என்ன இருந்துச்சு?’ என்று இழுத்து வந்தால்தான் வெளியே வரும். கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தவர்களை வயசானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், மாத்திரை தேவைப்படுகிறவர்கள் என்று பிரித்துத் தாளில் எழுதி, சாப்பாட்டு வண்டி வந்ததும் யாருக்கு முதலில் என்று அவன்தான் சொன்னானாம். அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த பையன் அப்படிச் செய்திருந்தால், நெருக்கடியில் முன்னுரிமை பார்க்கத் தெரிந்தவன் என்பதற்கு அந்தத் தாள் போதும். சொல்கிற நேரத்தில் பாதி ‘நீ என்ன செய்தாய்’ என்பதற்குப் போக வேண்டும். நிலைமைக்கு இரண்டு வாக்கியம் தாராளம்.

இரண்டாவது, ‘நாங்கள்’. ‘கொடை நடத்தினோம்’, ‘ப்ராஜெக்ட் பண்ணினோம்’, ‘கேம்ப் போனோம்’. பிள்ளை எதையும் மறைக்கவில்லை, கூடச் செய்தவர்களை விட்டுவிட்டுப் பேசுவது மரியாதையில்லை என்று வளர்ந்திருக்கிறது. ஆனால் கம்பெனிக்காரர் தெருவையே வேலைக்கு எடுக்க முடியாது. ‘அதுல உன் வேலை எது?’ என்று ஒவ்வொரு ‘நாங்க’வுக்கும் நிறுத்திக் கேளுங்கள்.

அம்மன் கொடையை, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவை, எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் தொடங்கி ஆடி, ஆவணி வரை ஏதாவது ஒரு ஊரில் கொடை இருந்துகொண்டே இருக்கும். கமிட்டியில் ஒரு கல்லூரிப் பையனைக் கட்டாயம் சேர்த்திருப்பார்கள், வரி நோட்டு அவனிடம்தான் இருக்கும். வீட்டுக்கு இவ்வளவு வரி, கொடுத்தவர் யார், பாக்கி யார், சென்னையிலும் பம்பாயிலும் இருக்கிறவர்களுக்கு யார் போன் போடுவது, ஜிபே-யில் வந்த பணத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று அவன்தான் பார்க்கிறான். மேளம், வில்லு, பந்தல், மைக்செட் ஒவ்வொன்றுக்கும் அட்வான்ஸ் கொடுத்துத் தேதியை உறுதி செய்வதும் பல ஊர்களில் அவன்தான். கொடை முடிந்தபின் கோயில் முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருக்க வரவு செலவை வாசிக்கிறான். வாசித்து முடிக்கும்வரை ஒருவரும் சண்டை போடவில்லை என்றால் அதைவிடப் பெரிய பலன் வேண்டாம், நம் ஊர்க்காரர்களுக்கு அது புரியும். கம்பெனிக்காரருக்குப் புரிய எண் வேண்டும். எத்தனை வீடு, எவ்வளவு வரவு, எத்தனை பேருக்குப் பணம் பட்டுவாடா. நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நோட்டு இல்லையென்றால் ‘சுமார்’ என்று போடலாம். கூட்டிச் சொல்ல மட்டும் விடாதீர்கள்.

கோயிலைப் பற்றி எழுதும்போது ‘ஊர்க் கோயில் திருவிழா’ என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எந்தத் தெரு, எந்தச் சமுதாயம் என்பது படிக்கிறவருக்கு வேண்டாத தகவல். நம் பக்கத்தில் அதை வைத்தே ஆளை எடை போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எண்களைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் அதைக் கதையாக்க விடாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே ஆட்டம் கண்டுவிடும். அதன் பிறகு அந்த ரெஸ்யூமேயில் உள்ள உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான்காவது படி: இப்போது பட்டியலை எடுக்கலாம்

கையில் மூன்று, நாலு கதைகள் சேர்ந்துவிட்டன. இனிமேல்தான் திறன்களுக்குப் பெயர் வைக்க வேண்டும். நான் யுஜிசி பட்டியலைவிட வேலை விளம்பரத்தையே நம்புகிறேன். பிள்ளை விண்ணப்பிக்கப் போகிற வேலையின் விளம்பரத்தை அச்செடுத்து, அதில் கேட்டிருக்கிற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தக் கதை பொருந்தும் என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்.

ஒரே கதை இடத்துக்குத் தக்கபடி முகம் மாறும். அந்த இலை நோட்டு கங்கைகொண்டானில் தரச் சோதனை. தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய சரக்கு அலுவலகத்தில், வரவையும் இருப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம். வண்ணார்பேட்டையில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் கவுண்டரில், கோபமாக வருகிறவரிடம் கணக்கைக் காட்டிப் பேசத் தெரிந்தவர். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இருக்கிற ஸோகோ போன்ற மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்குப் போனால் திரும்பவும் வேறு முகம். கதையை மாற்றக் கூடாது, எந்தப் பகுதியை முன்னால் வைக்கிறோம் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

பிள்ளை சொல்கிற எல்லாமே திறன் ஆகிவிடாது. பாபநாசத்திலிருந்து ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து மூன்று வருஷம் வந்து போவது பெரிய கஷ்டம்தான், எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனாலும் அதை ‘நேர மேலாண்மை’ என்று எழுதுவது எனக்கு ஒப்பாது. அந்த பஸ்ஸில் வருகிற ஜூனியர்களுக்குத் தினமும் கணக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் அது கதை.

என்.எஸ்.எஸ்., நான் முதல்வன் சான்றிதழ்களுக்கும் இதே அளவுகோல்தான். என்.எஸ்.எஸ். மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்திருப்பார், ஏழு நாள் முகாமும் போயிருப்பார். தமிழ்நாடு அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது, இன்று அதில் ஒரு படிப்பாவது முடிக்காத மாணவரைப் பார்ப்பது அரிது. எல்லோரிடமும் இருக்கிற சான்றிதழ் ஒருவரைத் தனியாகக் காட்டாது. அந்தப் படிப்பில் நீ செய்து பார்த்தது எது, முகாமில் உன் பொறுப்பு எது என்று ஒரு வரி சேர்ந்தால்தான் சான்றிதழுக்கு உயிர் வரும்.

ஐந்தாவது படி: வரியாக்குவது

‘நல்ல தொடர்புத் திறன்’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘ஊர்த் திருவிழாவுக்கு வீடு வீடாக நிதி திரட்டி, வெளியூரில் இருப்பவர்களிடம் போனில் பேசி வசூலித்து, வரவு செலவைப் பொதுக்கூட்டத்தில் வாசித்தேன்’ என்று எழுதி, வீட்டு எண்ணிக்கையையும் தொகையையும் சேர்க்க வேண்டும். ‘கணக்கில் ஆர்வம்’ என்பதை எடுத்துவிட்டு, ‘வீட்டுத் தொழிலுக்கு வாராந்தரக் கொள்முதல், கழிவுக் கணக்கு எழுதினேன், அந்தக் கணக்கைக் காட்டித் தரமற்ற சரக்கை மாற்றி வாங்கினேன்’ என்று போடலாம்.

ஆங்கிலமாக்கும்போது சாதாரண வினைச்சொற்கள் போதும். செக்ட், கெப்ட், கலெக்டட், எக்ஸ்பிளெய்ன்ட். பிள்ளை வாயில் வராத ஒரு சொல்லும் தாளில் இருக்கக் கூடாது.

ஒரு பக்கம். அப்பா பெயர், மதம், ரத்த வகை, கடைசியில் ‘ஐ ஹியர்பை டிக்ளேர்’ எல்லாம் தேவையில்லை.

ஆறாவது படி: வாயால் சொல்ல வைப்பது

எழுதியதைப் பேச வைக்கும் இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். முதலில் தமிழில் இரண்டு நிமிஷம், தாள் இல்லாமல். அது தடங்கல் இல்லாமல் வந்த பிறகு ஆங்கிலம். தமிழிலேயே திணறுகிற கதை ஆங்கிலத்தில் எப்படி வரும்? ‘சொல்லுதேன்’, ‘இருக்காவ’ என்று வந்தால் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். தேவையான இடத்தில் பிள்ளைகள் தாங்களே மாற்றிப் பேசிவிடுவார்கள்.

ஒத்திகை நேர்காணலை நீங்களே நடத்தாதீர்கள். உங்களுக்குக் கதை தெரியும், தலையாட்டிவிடுவீர்கள். வேறு துறை ஆசிரியரைக் கூப்பிடுங்கள், ஊரில் கடை நடத்துகிறவர் கிடைத்தால் இன்னும் நல்லது. பத்துப் பேரை வைத்து வியாபாரம் செய்கிறவர் கேட்கிற கேள்வி புத்தகத்தில் இருக்காது. ‘நோட்டு எழுதினேங்கிய, ஒரு வாரம் விட்டுப்போச்சுன்னா என்ன பண்ணுவ?’ என்பார். அந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்கிற பிள்ளையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இல்லாத திறனை என்ன செய்வது

விளம்பரத்தில் பென்சில் குறி விழாத இடங்கள் சில மிஞ்சும். பெரும்பாலும் எக்செல், ஆங்கிலத்தில் மின்னஞ்சல், டைப்பிங். தனியாக வகுப்பு வைப்பதற்கு முன்னால், கையில் இருக்கிற கதையிலேயே அதைக் கோக்க முடியுமா என்று பாருங்கள். இலை நோட்டை எக்செலில் ஏற்றி வாராவாரம் கழிவு எத்தனை சதவீதம் என்று பார்க்கச் சொன்னால், எக்செலும் வந்துவிடும், நேர்காணலில் திறந்து காட்ட ஒரு கோப்பும் கிடைக்கும். வரி நோட்டுக்காரன், பாக்கிக்காரர்களுக்கு அனுப்பிய போன் செய்தியை ஆங்கில மின்னஞ்சலாக எழுதிப் பார்க்கலாம்.

நேரக் கணக்கு

ஒரு பிள்ளைக்கு முதல் பேச்சு இருபது நிமிஷம் பிடிக்கும். அறுபது பேர் என்றால் இருபது மணி நேரம். இறுதியாண்டு டிசம்பரில் தொடங்கினால் முடியாது. இரண்டாம் ஆண்டிலேயே தொடங்குங்கள், ஒவ்வொரு செமஸ்டர் முடிந்ததும் ஒரு கதையைச் சேர்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்களில் நன்றாகக் கேட்கத் தெரிந்த ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுத்து, அந்த முதல் கேள்விகளை இரண்டாம் ஆண்டுக்காரர்களிடம் கேட்கும் வேலையை அவர்களிடம் ஒப்படைக்கலாம். உங்களிடம் சொல்லக் கூசுகிறதை அவர்களிடம் சொல்வார்கள். கேட்கிறவர்களுக்கும் அதுவே அவர்கள் ரெஸ்யூமேயில் ஒரு வரி.

தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும், மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை தளத்திலும் பதிவு செய்வதை ரெஸ்யூமே முடிந்த அன்றே கல்லூரிக் கணினி அறையில் உட்கார வைத்து முடித்துவிடுங்கள், வீட்டுக்குப் போய்ச் செய்கிறேன் என்றால் நடக்காது. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்துகிற முகாம்களுக்கு முதல் தடவை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறவரிடம் அந்த இரண்டு நிமிஷக் கதையைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.